குடும்பப் பெயரும் குடியரசும்

மன்னராட்சியை உதறியெறிந்து பிறந்த நாடு ஐக்கிய அமெரிக்கா. பிறப்பினால் ஒருவன் ஆள்வதும், பிறப்பினால் மற்றொருவன் ஆளப்படுவதும் இனி இல்லை என்பதே 1776-ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தின் உட்பொருள். 1787-இல் வரையப்பெற்ற அரசியல் யாப்பும் அதனை மறக்கவில்லை. ஐக்கிய அமெரிக்க அரசு எவருக்கும் பிரபுப் பட்டம் வழங்கலாகாது என்று அதன் முதலாம் உறுப்புரையின் ஒன்பதாம் பிரிவு விதிக்கின்றது. மாநில அரசுகளுக்கும் அதே தடையைப் பத்தாம் பிரிவு விதிக்கின்றது. குலப் பெருமையின் வேரையே அறுத்துவிட்டோம் என்று அந்நாட்டின் முன்னோர் எண்ணியிருத்தல் கூடும்.

ஆனால், பட்டத்தைத் தடுத்த யாப்பு பெயரைத் தடுக்கவில்லை; தடுக்கவும் இயலாது. அந்நாட்டின் 2-ஆம் ஜனாதிபதி அடம்ஸ். 6-ஆம் ஜனாதிபதியும் அடம்ஸ். 9-ஆம் ஜனாதிபதி ஹரிசன்; 23-ஆம் ஜனாதிபதியும் ஹரிசன். 26-ஆம் ஜனாதிபதி றூஸ்வெல்ற். 32-ஆம் ஜனாதிபதியும் றூஸ்வெல்ற். 41-ஆம் ஜனாதிபதி புஷ். 43-ஆம் ஜனாதிபதியும் புஷ். 1980 முதல் 2004 வரை நடைபெற்ற ஏழு ஜனாதிபதித் தேர்தல்களில் ஒன்றிலேனும் புஷ் என்ற பெயரோ கிளின்ரன் என்ற பெயரோ இல்லாத வாக்குச்சீட்டை அமெரிக்க வாக்காளர் கண்டதில்லை. ஜனாதிபதிப் பதவிக்கோ உப ஜனாதிபதிப் பதவிக்கோ அப்பெயருடைய ஒருவர் ஒவ்வொரு முறையும் நின்றார்.

இதனைக் கண்டு, அமெரிக்கக் குடியரசு என்பது கிரீடம் அணியாத முடியரசே என்று எள்ளி நகையாடுவோர் உளர். மக்கள் விரும்பி வாக்களிக்கும்போது தந்தை யார், பாட்டன் யார் என்று ஆராய்வது எதற்கு என்று வாதிடுவோரும் உளர். இவ்விரு சாராரும் அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறுகின்றனர் என்பதே எமது கருத்து. இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு நம் முன்னே விரிந்து கிடக்கின்றது. அதனை ஆற அமர நோக்கினால் உண்மை தெளிவாகும்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். தமிழர் வழக்கிலே தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னே நிற்கும். பேரனின் காலத்தில் அதுவும் மாறிவிடும். ஆகவே மூன்று தலைமுறைக்கு முன்னர் வாழ்ந்தவரின் பெயர் இன்றைய அபேட்சகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வருவது நம்மிடையே அரிது. அமெரிக்கர் வழக்கு அஃதன்று. அங்கே குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாது நிற்கும். மணம் புரிந்த பெண்களிற் பெரும்பாலாரும் கணவனின் குடும்பப் பெயரையே ஏற்பர். பாட்டன் ஈட்டிய புகழும் பழியும் பேரனுக்கு வீடு, நிலம் போல முதுசமாக வந்து சேர்கின்றன. அங்கே பெயர் வெறும் அடையாளமன்று, அது முதலீடு.

அம்முதலீட்டின் வலிமையை அறிய வேண்டுமாயின் உறவே இல்லாத இடத்தில் அதனைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும். ஒரே பெயருடையோர் யாவரும் உறவினர் அல்லர். ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டிறந்தபின் 1865-இல் ஜனாதிபதியான அன்ட்றூ ஜோன்சனுக்கும், ஜோன் கென்னடி சுடப்பட்டிறந்தபின் 1963-இல் ஜனாதிபதியான லிண்டன் ஜோன்சனுக்கும் பெயர் ஒன்றே, குலம் வேறு. எனினும் இதனினும் வியப்பான சான்று மசாசூசெற்ஸ் மாநிலத்திலே உண்டு.

1954-இல் அம்மாநிலத்தின் பொருளாளர் பதவிக்கு ஜோன் பிரான்சிஸ் கென்னடி என்பவர் போட்டியிட்டார். அக்காலை அம்மாநிலத்தின் செனற்றராக விளங்கிய ஜோன் பிற்ஸ்ஜெரால்ட் கென்னடிக்கும் இவருக்கும் யாதொரு உறவுமில்லை. சவர அலகு செய்யும் தொழிற்சாலையொன்றின் பண்டகசாலையிற் பணியாற்றியவர் இவர். செல்வமோ பெரும் கட்சி அமைப்போ இவருக்கு இல்லை. பெயர் மட்டுமே இருந்தது. அந்தப் பெயரே போதுமானதாயிற்று. அவர் வென்றார், 1956-இலும் 1958-இலும் மீண்டும் வென்றார். ஒரு மாநிலத்தின் கருவூலத்தை ஆறாண்டுக் காலம் காத்த அவர் நேர்மையீனர் என்று நாம் கூறவில்லை. அவரை அப்பதவியில் இருத்திய வாக்காளர் அவரைப்பற்றி எவ்வளவு அறிந்திருந்தனர் என்பதே கேள்வி. பெயரைக் கண்டதும் ஆராய்ச்சி நின்றுவிடுகின்றது. குடும்பப் பெயரால் விளையும் முதற் கேடு இதுவே.

இனி ஜனாதிபதிப் பதவியின் வரலாற்றை நோக்குவோம். முன்னைய ஜனாதிபதி ஒருவரின் மகனாகவோ பேரனாகவோ பிறந்து தாமும் ஜனாதிபதியானவர்கள் மூவர் மட்டுமே. ஜோன் அடம்ஸின் மகன் ஜோன் குவின்சி அடம்ஸ் ஒருவர். வில்லியம் ஹென்றி ஹரிசனின் பேரன் பென்ஜமின் ஹரிசன் மற்றொருவர். மூத்த ஜோர்ஜ் புஷ்ஷின் மகனான இளைய ஜோர்ஜ் புஷ் மூன்றாமவர். இம்மூவரும் பதவிக்கு வந்த விதத்தை ஒப்பிட்டுப் பார்ப்போர் திடுக்கிடாமல் இருக்க முடியாது. மூவருமே முதன்முறை தெரியப்பட்டபோது, நாடு முழுவதிலும் மக்கள் அளித்த வாக்குகளில் எதிராளியிலும் குறைவாகவே பெற்றிருந்தனர்!

1824-ஆம் ஆண்டுத் தேர்தலில் அன்ட்றூ ஜக்சன் 99 தேர்வாளர் வாக்குகளையும், குவின்சி அடம்ஸ் 84 வாக்குகளையும் பெற்றனர். மக்கள் நேராக வாக்களித்த மாநிலங்களின் மொத்த வாக்கிலும் ஜக்சனே முன்னின்றார். ஆயினும் நால்வர் போட்டியிட்டமையால் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை கிட்டவில்லை. விடயம் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. 1825 பெப்ரவரி 9-ஆம் நாள் அச்சபை அடம்ஸைத் தெரிந்தது. அவருக்கு ஆதரவு தேடிக்கொடுத்த ஹென்றி கிளே பின்னர் அவருடைய இராஜாங்கச் செயலாளர் ஆனார். இது பேரம் என்று ஜக்சனின் கட்சியார் நாடெங்கும் முழங்கினர். நான்கு ஆண்டுகளின் பின் மக்கள் ஜக்சனைப் பெரு வெற்றியுடன் தெரிந்து தம் தீர்ப்பை வழங்கினர்.

1888-இல் பென்ஜமின் ஹரிசன் தேர்வாளர் வாக்குகளில் 233-க்கு 168 என்று வென்றார். மக்கள் வாக்கிலோ குறோவர் கிளீவ்லாந்தைவிடச் சுமார் 90,000 குறைவாகப் பெற்றார். அக்காலத்துக் கேலிச்சித்திரக்காரர், பாட்டனாரின் மிகப்பெரிய தொப்பிக்குள்ளே புதைந்துபோன சிறு உருவமாக அவரை வரைந்தனர். இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1840-இல் அந்தப் பாட்டனார் போட்டியிட்டபோது, சுதந்திரப் பிரகடனத்திற் கைச்சாத்திட்ட வேர்ஜீனியாச் செல்வரின் மகன் அவர் என்பதைக் கட்சியார் முன்வைக்கவில்லை. மரக்குடிசையில் வாழும் எளியவர் என்றே அவரைக் காட்டினர். குலத்தை மறைப்பதால் வாக்குக் கிடைக்குமாயின் மறைப்பதும், காட்டுவதால் கிடைக்குமாயின் காட்டுவதும் கட்சிகளின் வழக்கம். 1892-இல் கிளீவ்லாந்து மீண்டும் போட்டியிட்டு ஹரிசனைத் தோற்கடித்தார்.

2000-ஆம் ஆண்டின் கதை பலரும் அறிந்தது. அல் கோர் 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றிருந்தும், புளோரிடா மாநிலத்தில் 537 வாக்கு வித்தியாசத்தால் இளைய புஷ் ஜனாதிபதியானார். மீள எண்ணும் பணியை நிறுத்தும் தீர்ப்பை டிசம்பர் 12-ஆம் நாள் உயர் நீதிமன்றம் வழங்கியது. அவ்வேளை புளோரிடாவின் கவர்னராக இருந்தவர் புஷ்ஷின் சகோதரர் ஜெப் புஷ். தேர்தல் தொடர்பான அலுவல்களிலிருந்து அவர் ஒதுங்கி நின்றபோதிலும், அண்ணன் வெல்லவேண்டிய மாநிலத்தில் தம்பி ஆள்வது ஐயத்துக்கு இடமளிக்கவே செய்தது. 2004-இல் இளைய புஷ் மக்கள் வாக்கிலும் பெரும்பான்மை பெற்றார் என்பதையும் நேர்மை கருதிக் கூறிவிடல் வேண்டும்.

இம்மூன்று தேர்தல்களிலிருந்து யாது பெறப்படுகின்றது? கட்சி நியமனம் என்னும் வாயிலை குடும்பப் பெயர் எளிதில் திறக்கின்றது. பணம் படைத்தோரின் ஆதரவையும் முன்னைய தொண்டர் படையையும் ஒருங்கே கூட்டிக்கொடுக்கின்றது. ஆனால் நாடு முழுவதும் ஒருங்கே எழுந்து, தந்தை ஆண்டார், மகனும் ஆளட்டும் என்று பெருந்தொகையான வாக்குகளால் முதன்முறையிலேயே ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சி இன்றுவரை இல்லை. மக்களைக் குறை கூறுவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக.

றூஸ்வெல்ற் குடும்பத்தின் வரலாறு இதற்கு மாறானது. தியடோர் றூஸ்வெல்ற்றும் பிராங்க்ளின் றூஸ்வெல்ற்றும் ஐந்தாம் தலைமுறையில் வந்த தூரத்து உறவினர். பிராங்க்ளினின் மனைவி எலினோர் தியடோரின் சகோதரர் மகள் என்பதால் உறவு சற்று நெருங்கியது. எனினும் தியடோர் குடியரசுக் கட்சியினர். பிராங்க்ளின் ஜனநாயகக் கட்சியினர். 1920-இல் பிராங்க்ளின் உப ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டபோது அப்பெயர் அவரைக் காப்பாற்றவில்லை, தோற்றார். 1932-இல் வங்கிகள் முறிந்து வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய வேளையில் மக்கள் அவரிடம் ஒரு வழியை நாடினர், தெரிந்தனர். பின்னர் 1936, 1940, 1944 ஆகிய ஆண்டுகளிலும் அவர் தெரியப்பட்டமைக்குக் காரணம் பெயரன்று, பணியே.

கென்னடி குடும்பத்தின் கதையிலே பெயரின் தீமையும் நன்மையும் பின்னிக் கிடக்கின்றன. 1916-இல் மசாசூசெற்ஸ் செனற் ஆசனத்துக்கு ஹென்றி கபொற் லொட்ஜ் என்பவரும் ஜோன் பிற்ஸ்ஜெரால்ட் என்பவரும் போட்டியிட்டனர், லொட்ஜ் வென்றார். 1952-இல் அந்த லொட்ஜின் பேரனும் அந்தப் பிற்ஸ்ஜெரால்டின் மகள் வயிற்றுப் பேரனும் செனற் சபைக்குப் போட்டியிட்டனர். பேரன் ஜோன் கென்னடி வென்றார். பத்தாண்டுகள் கழித்து, 1962-இல், அக்கென்னடியின் தம்பி எட்வேர்ட்டும் தோற்ற லொட்ஜின் மகன் ஜோர்ஜும் எதிரெதிரே நின்றனர். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்தில் ஒரு செனற்றரைத் தேடுவோர் ஈர் இல்லங்களின் கதவையே திரும்பத் திரும்பத் தட்டினர்.

1960-இல் ஜோன் கென்னடி ஜனாதிபதியாகத் தெரியப்பட்டபோது அவருடைய செனற் ஆசனம் வெறுமையாயிற்று. யாப்பின்படி 30 வயது நிறையாதவர் செனற்றராக முடியாது. எட்வேர்ட்டுக்கோ அப்பொழுது 28 வயது. ஆகவே ஜோன் கென்னடியின் கல்லூரித் தோழர் பென்ஜமின் ஸ்மித் அவ்வாசனத்துக்கு நியமிக்கப்பட்டார். 1962-இல் எட்வேர்ட்டுக்கு 30 வயதானது, அவர் போட்டியில் இறங்கினார், ஸ்மித் போட்டியிடவில்லை. ஆசனத்தைத் தம்பிக்காகச் சூடாக வைத்திருந்தனர் என்று ஊரார் பேசியதில் வியப்பில்லை.

அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் எட்வேர்ட்டை எதிர்த்தவர் எட்வேர்ட் மக்கோமக். பொதுமேடை விவாதத்தில் அவர் எட்வேர்ட் மூர் கென்னடியை நோக்கி, உமது பெயர் எட்வேர்ட் மூர் என்று மட்டும் இருந்திருக்குமாயின் உமது போட்டி நகைப்புக்கிடமானதாகவே இருந்திருக்கும் என்ற கருத்துப்படக் கடிந்துரைத்தார். குற்றச்சாட்டு நியாயமானதே. ஆனால் குற்றஞ்சாட்டியவர் யார்? பிரதிநிதிகள் சபையின் சபாநாயகராக விளங்கிய ஜோன் மக்கோமக்கின் சகோதரர் மகன்! பெயரை எதிர்த்துப் போராடுவதற்கும் ஒரு பெயர் வேண்டியிருந்தது. அதனையும் பெற்றிராத ஆயிரமாயிரம் பிரஜைகள் மேடையின் கீழேதான் நின்றனர்.

இனி மறுபக்கத்தையும் கூறுவோம். நகைப்புக்கிடமானவர் எனப்பட்ட அந்த எட்வேர்ட் கென்னடி 2009-இல் இறக்கும்வரை சுமார் 47 ஆண்டுகள் செனற் சபையில் இருந்தார். 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தை அச்சபையில் நிறைவேற்றுவித்தலில் முன்னின்றார். ஐரோப்பியரல்லாத மக்களின் வருகையை இறுக்கிக் கட்டியிருந்த நாட்டுவாரிப் பங்கீட்டு முறையை ஒழித்த சட்டம் அது. ஆசிய மக்களுக்கு அமெரிக்காவின் வாயிலைத் திறந்ததும் அதுவே. மாற்றுத் திறனாளிகளின் உரிமை, ஏழைகளின் வைத்தியம் ஆகியவற்றிலும் அவர் உழைப்பு பெரிது. பெயரால் வந்தவர் பணியால் நிலைத்தார். எனினும் ஒருவர் நன்கு பணியாற்றினார் என்பதனால் அவர் வந்த வழி நேரியதாகிவிடாது. பெயரில்லாத வேறொருவர் அதனினும் நன்கு பணியாற்றியிருக்க மாட்டார் என்று எவரால் உறுதி கூறமுடியும்?

பெயரால் வருவோர் யாவரையும் ஒரே தராசில் நிறுப்பதும் தவறு. பெண்களுக்கு அரசியல் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த காலத்தில், இறந்த கணவனின் பெயர் ஒன்றே பலருக்குத் திறவுகோலாயிற்று. ஆர்க்கன்சோ மாநிலத்தின் ஹற்றி கரவே 1931-இல் கணவனின் செனற் ஆசனத்துக்கு நியமிக்கப்பட்டார். 1932-இல் மக்களாலே தெரியப்பட்டு, செனற் சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். மெயின் மாநிலத்தின் மார்கிரெற் சேஸ் ஸ்மித், 1940-இல் கணவர் இறந்தபின் பிரதிநிதிகள் சபை ஆசனத்துக்குத் தேர்தலில் நின்று வென்றார். 1949 முதல் 1973 வரை செனற்றராக விளங்கினார். ஜோசப் மக்கார்தி என்ற செனற்றர் கண்டவரையெல்லாம் பொதுவுடைமைவாதி என்று தூற்றி நாட்டையே நடுங்கச் செய்த வேளையில், 1950 ஜூன் 1-ஆம் நாள், தம் கட்சியைச் சேர்ந்த அவருடைய முறைகளைக் கண்டித்துச் செனற் சபையிலே துணிந்து எழுந்து பேசியவர் இந்த அம்மையார். பெரும் பெயர் படைத்த ஆண்கள் பலர் வாய்மூடி இருந்த வேளை அது. கணவன் விட்டுச்சென்றது பெயரை மட்டுமே; துணிவு அவருடைய சொந்தச் சொத்து.

இங்கே ஒரு வேறுபாட்டை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பிரதிநிதிகள் சபையில் ஓர் ஆசனம் வெறுமையானால் தேர்தல் மூலமே அது நிரப்பப்படல் வேண்டும் என்பது யாப்பின் விதி. செனற் சபைக்கோ, 1913-ஆம் ஆண்டின் பதினேழாம் திருத்தத்தின்படி, மாநிலச் சட்டசபை இடமளித்தால் கவர்னர் தற்காலிகமாக ஒருவரை நியமிக்கலாம். பெயர் மக்களின் முன் வந்து வாக்குக் கேட்பது ஒன்று. மக்களைக் கேளாமலே ஆசனத்தில் அமர்வது மற்றொன்று. இரண்டாவதன் தீமைக்கு அலாஸ்கா மாநிலம் சான்று.

செனற்றராக இருந்த பிராங்க் மேர்க்கோவ்ஸ்கி 2002-இல் அலாஸ்காவின் கவர்னராகத் தெரியப்பட்டார். அவர் விட்டுச்சென்ற செனற் ஆசனத்துக்கு ஒருவரை நியமிக்கும் அதிகாரம் அவரிடமே இருந்தது. பரந்த அலாஸ்காவிலே தகுதியுடைய ஒருவரை அவர் தேடினார். தம் மகள் லிசாவைக் கண்டெடுத்தார்! மக்கள் பொறுக்கவில்லை. 2004-இல் அவர்களே வாக்கெடுப்பு மூலம் சட்டத்தை மாற்றி, இத்தகைய வெற்றிடத்தைத் தேர்தலால் நிரப்பச் செய்தனர். 2006-இல் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலேயே தந்தையை மூன்றாம் இடத்துக்குத் தள்ளி வீட்டுக்கு அனுப்பினர்.

மகளின் கதையோ வேறு வழியிற் சென்றது. 2004-இல் மக்களின் முன் நின்று அவர் வென்றார். 2010-இல் பூர்வாங்கத் தேர்தலில் ஜோ மில்லர் என்பவரிடம் தோற்றார். வாக்குச்சீட்டில் அவருடைய பெயர் அச்சிடப்படவில்லை. அங்கே, அச்சிடப்படாத ஒருவரின் பெயரை வாக்காளர் தம் கையால் எழுதி வாக்களிக்க வழியுண்டு. மேர்க்கோவ்ஸ்கி என்ற கடினமான பெயரை எழுதக் கற்பிப்பதே அவரது பிரசாரத்தின் பெரும் பகுதியாயிற்று. ஓரெழுத்துப் பிழைத்தால் அவ்வாக்குச் செல்லுமா என்ற வழக்கு மாநிலத்தின் உயர் நீதிமன்றம்வரை சென்றது. முடிவில் சுமார் 10,000 வாக்கு வித்தியாசத்தால் அவர் வென்றார். 1954-க்குப் பின் இம்முறையிற் செனற் சபைக்குத் தெரியப்பட்டவர் அவரே முதலாமவர். தந்தை எழுதிக்கொடுத்தபோது மக்கள் சினந்த அதே பெயரை, எட்டாண்டுகளின் பின் மக்களே தம் கைப்பட எழுதினர். முன்னையது முதுசம், பின்னையது தீர்ப்பு. இரண்டுக்கும் உள்ள தூரமே முடியரசுக்கும் குடியரசுக்கும் உள்ள தூரம்.

மிச்சிகன் மாநிலத்தின் டிங்கெல் குடும்பம் நம்மை இன்னும் கடினமான கேள்விக்கு உள்ளாக்குகின்றது. மூத்த ஜோன் டிங்கெல் 1933-இல் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார்; 1955-இல் இறந்தார். அவ்வாண்டே மகன் இளைய ஜோன் டிங்கெல் தெரியப்பட்டு, 2015 வரை 59 ஆண்டுகள் இருந்து, அமெரிக்க வரலாற்றிலேயே நெடுங்காலப் பிரதிநிதியானார். 2015-இல் அவருடைய மனைவி டெபி டிங்கெல் அப்பொறுப்பை ஏற்றார். தொழிலாளருக்கும் முதியோருக்கும் இவர்கள் ஆற்றிய சேவையை எவரும் மறுக்க முடியாது. தேசிய வைத்தியக் காப்புறுதிக்காகத் தந்தை மசோதா கொணர்ந்தார். முதியோருக்கான வைத்தியக் காப்புறுதிச் சட்டத்தை 1965-இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றியபோது தலைமையாசனத்தில் இருந்தவர் மகன். மக்கள் ஒவ்வொரு முறையும் வாக்களித்தே தெரிந்தனர். சட்டத்தில் குறையில்லை, நடத்தையிலும் குறையில்லை. ஆயினும் எண்பதாண்டுகளுக்கு மேலாக ஓர் ஆசனத்தை எண்ணியபோதெல்லாம் ஒரு வீட்டையே எண்ணப் பழகிய தொகுதியில், அரசியல் ஆர்வங்கொண்ட ஓர் ஏழைத் தொழிலாளியின் மகனோ மகளோ தமக்கும் அவ்வாசனம் உரியது என்று கனவு காண்பது எங்ஙனம்? நல்ல குடும்பத்தின் நெடிய நிழலிலும் பயிர் வளர்வதில்லை.

எனினும் அண்மைக் காலத்தில் அமெரிக்க வாக்காளர் தம் கண்களை அகலத் திறந்து வருகின்றனர் என்பதற்கும் சான்றுகள் உள. 2008-இல் ஹிலறி கிளின்ரன் என்னும் பேர்பெற்ற பெயரை, பலருக்கு உச்சரிக்கவே தெரியாதிருந்த ஒபாமா என்னும் பெயர் கட்சி நியமனத்திற் தோற்கடித்தது. 2016-இல் ஜெப் புஷ் பெருநிதி திரட்டியும் தென் கரோலினாவோடு போட்டியிலிருந்து விலகினார். அவ்வாண்டு ஹிலறி கிளின்ரன் மக்கள் வாக்கில் 28 இலட்சத்துக்கு மேல் முன்னின்றும் ஜனாதிபதியாகவில்லை. 2022-இல் ஜெப் புஷ்ஷின் மகன் ரெக்சாஸ் மாநிலச் சட்டமா அதிபர் பதவிக்கான கட்சித் தேர்தலில் தோற்றார்.

கென்னடிகளின் கோட்டையான மசாசூசெற்ஸிலேயே காற்று மாறியது. எட்வேர்ட் கென்னடி இறந்தபின் 2010 ஜனவரியில் நடைபெற்ற தேர்தலின்போது, கென்னடியின் ஆசனம் என்று விவாத நடுவர் குறிப்பிட்டார். அஃது எந்தக் குடும்பத்தின் ஆசனமுமன்று, மக்களின் ஆசனம் என்று அபேட்சகர் ஸ்கொற் பிறவுண் பதிலிறுத்தார், அவரே வென்றார். அதே தேர்தலில் உறவில்லாத இன்னொரு கென்னடியும் நின்றார். 1954-இல் ஒருவரை வெல்லவைத்த பெயர் இம்முறை இவருக்கு ஒரு சிறு பங்கு வாக்கையே கொடுத்தது. 2020-இல் றொபேட் கென்னடியின் பேரனான மூன்றாம் ஜோசப் கென்னடி, செனற்றர் எட்வேர்ட் மார்க்கியைக் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலில் எதிர்த்தார். பால் விநியோகித்தவரின் மகன் மார்க்கி. பால்காரர் மகன் வென்றார். கென்னடி பேரன் தோற்றார்.

பெயர் தோற்பதெல்லாம் நன்மை என்றும் கொள்ளலாகாது. 2022-இல் வயோமிங் மாநிலத்தில் உப ஜனாதிபதியாயிருந்த டிக் செனியின் மகள் லிஸ் செனி தம் கட்சியின் பூர்வாங்கத் தேர்தலிலே தோற்றார். 2021 ஜனவரி 6-ஆம் நாள் பாராளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டமைக்காகத் தம் கட்சியின் ஜனாதிபதிமீதே குற்றஞ்சாட்ட வாக்களித்தமையே காரணம். மனச்சாட்சிப்படி நடந்த நாளிலே தந்தையின் பெயர் அவருக்குக் குடையாகவில்லை. ஒரே பெயர் ஒரே கொள்கைக்கு உத்தரவாதமுமன்று. 2024-இல் தனித்துப் போட்டியிட்ட இளைய றொபேட் கென்னடி போட்டியை நிறுத்தி டொனால்ட் ட்றம்புக்கு ஆதரவளித்தபோது அவருடைய உடன்பிறந்தாரே பகிரங்கமாகக் கண்டித்தனர். 2025 பெப்ரவரியில் அவர் சுகாதாரச் செயலாளர் ஆனார். கென்னடி என்ற பெயருக்காக வாக்களிக்க எண்ணியவர் எந்தக் கென்னடிக்கு வாக்களிப்பார்?

சட்டம் செய்யக்கூடியது சிறிதே. 1951-இல் நிறைவேறிய இருபத்திரண்டாம் திருத்தம் ஒருவர் இரு முறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தெரியப்படுவதைத் தடுக்கின்றது, குடும்பத்தைத் தடுக்கவில்லை. ஜோன் கென்னடி தம் தம்பி றொபேட்டையே சட்டமா அதிபராக்கியபின், 1967-இல் உறவினரை உத்தியோகங்களில் அமர்த்துவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஜனாதிபதி மாளிகையின் அலுவலகத்துக்கு அது பொருந்தாது என்று 2017-இல் நீதித் திணைக்களமே கருத்துரைத்தது. ஜனாதிபதியின் மகன் தேர்தலில் நிற்கலாகாது என்று சட்டமியற்றுவதும் தகாது. பிறப்பினால் ஒருவனுக்கு உரிமை தருவது எவ்வளவு அநீதியோ, பிறப்பினால் உரிமையைப் பறிப்பதும் அவ்வளவு அநீதியே.

ஆகவே நாம் வற்புறுத்துவன இரண்டு. ஒன்று, பதவி வெறுமையாகும்போது அதனை நிரப்பும் உரிமை மக்களிடமே இருத்தல் வேண்டும். தந்தை மகளுக்கும் அண்ணன் தம்பிக்கும் கைமாற்றிக் கொடுக்க இடமளிக்கும் ஒவ்வொரு பொந்தும் அடைக்கப்படல் வேண்டும். அலாஸ்கா மக்கள் செய்தது ஏனைய மாநிலங்களுக்கும் வழிகாட்டி. மற்றொன்று, கட்சிகளின் நியமனக் கதவு பணமும் பெயருமில்லாதவர் தட்டினாலும் திறத்தல் வேண்டும். போட்டி உண்மையான போட்டியாக இருக்குமாயின் புஷ்ஷும் வரட்டும், கென்னடியும் வரட்டும். பால்காரர் மகனும் பண்டகசாலைத் தொழிலாளியும் அவர்களோடு ஒரே மேடையில் ஏறட்டும்.

எஞ்சியது வாக்காளரின் கடமை. அறுபதாண்டுகளுக்கு முன்னர் மக்கோமக் எழுப்பிய கேள்வியை, அவர் எழுப்பிய நோக்கம் எதுவாயினும், ஒவ்வொரு வாக்காளரும் தம் உள்ளத்தில் எழுப்பிப் பார்த்தல் வேண்டும். இந்த அபேட்சகரின் குடும்பப் பெயரை அடித்துவிட்டால் எஞ்சுவது யாது? அவர் செய்த பணி எஞ்சுமாயின், அவர் கொண்ட கொள்கை எஞ்சுமாயின், அவருக்கு வாக்களிப்பதில் இழுக்கில்லை. அவர் யார் மகனாயினும் ஆகுக. ஒன்றும் எஞ்சாதாயின், அவர் கேட்பது வாக்கன்று, வாரிசுரிமை. அதனைக் கொடுக்க மறுப்பதற்காகவே அமெரிக்க மக்கள் 1776-இல் ஆயுதமேந்தி நின்றனர். அன்று பெருவிலை கொடுத்துப் பெற்ற உரிமையைத் தாமே வாக்குச்சாவடிக்குச் சென்று இழந்து திரும்புவார்களா என்பது அவர்களின் கையிலேயே உள்ளது.